கேள்வி பதில்: மீடிறனும் அதிர்வெண்ணும் ஒன்றுதான்

அலை, ஒளி, ஒளியியல் பற்றி வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில் சொல்கிறோம். ஒரே ஐயம் பலரிடமிருந்து வந்திருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: இயற்பியல் பாடங்களை இணையத்தில் தமிழில் பார்க்கிறேன். ஒருவர் ‘அதிர்வெண்’ என்கிறார், இன்னொருவர் ‘மீடிறன்’ என்கிறார். ஒளிவிலகலும் முறிவும் ஒன்றா? எது சரியான சொல்?

பதில்: இரண்டும் சரி. தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இலங்கைப் பாடநூல்களும் கலைச்சொற்களைத் தனித்தனியே ஆக்கிக்கொண்டன. பொருள் ஒன்று, பெயர் இரண்டு. தமிழ்நாட்டில் எதிரொளிப்பு என்பது இலங்கையில் தெறிப்பு. ஒளிவிலகல் அங்கே முறிவு. மாறுநிலைக் கோணம் அங்கே அவதிக் கோணம். குறுக்கீட்டு விளைவு தலையீடு ஆகிறது, விளிம்பு விளைவு கோணல் ஆகிறது. லென்சு வில்லை, முப்பட்டகம் அரியம், பிம்பம் விம்பம், எதிர்க்கணு முரண்கணு.

பெயர் மாறுவதால் பெரிய தொல்லை இல்லை. ஒரே சொல் இரு பக்கமும் வேறு பொருளில் வரும் இடத்தில்தான் கால் இடறும். மீடிறன் என்பது ‘மீள்’, ‘திறன்’ இரண்டும் புணர்ந்த சொல். எத்தனை முறை மீண்டும் நிகழ்கிறது என்பதைக் குறிக்கிறது. தமிழ்நாட்டு மாணவருக்குத் திறன் என்றால் வாட்டில் அளக்கப்படுவது. அவர் மீடிறனை ஏதோ ஒரு வகைத் திறன் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு முழுவதும் கோணும். இலங்கையில் வாட்டில் அளப்பது வலு. லென்சின் திறனும் அங்கே வில்லையின் வலுதான். தமிழ்நாட்டில் ‘கட்டம்’ எனப்படுவது இலங்கையில் ‘அவத்தை’. அலை ஒரு கணத்தில் தன் சுழற்சியின் எந்த நிலையில் இருக்கிறது என்பதே இரண்டுக்கும் பொருள். அந்த அவத்தைக்கும் நாம் படும் அவஸ்தைக்கும் வேர் ஒன்று என்றாலும், இங்கே யாரும் துன்பப்படவில்லை.

‘முனைவாக்கம்’ இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய சொல். இலங்கை நூலில் ஒளியின் முனைவாக்கம் என்று வந்தால் அது தமிழ்நாட்டின் தளவிளைவு, அதாவது ஒளியின் அதிர்வு ஒரே தளத்தில் அடங்குவது. தமிழ்நாட்டு நூலில் முனைவாக்கம் பெரும்பாலும் மின்காப்புப் பொருள்கள் பற்றிய பாடத்தில் வரும். அது வேறு சங்கதி.

சொல் எதுவானாலும் அலகைக் கேளுங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். அதிர்வெண்ணிலும் ‘எண்’ உண்டு, ஒளிவிலகல் எண்ணிலும் ‘எண்’ உண்டு. முன்னதற்கு ஹெர்ட்ஸ் என்ற அலகு இருக்கிறது. பின்னது இரண்டு வேகங்களின் விகிதம், அதற்கு அலகே கிடையாது.

கேள்வி: எதிரொலிப்பு, எதிரொளிப்பு: இதில் எது அச்சுப்பிழை?

பதில்: எதுவும் இல்லை. ஒலி திரும்பினால் எதிரொலிப்பு, ஒளி திரும்பினால் எதிரொளிப்பு. படுகோணமும் மீள்கோணமும் சமம் என்ற விதி இரண்டுக்கும் பொது. ஓர் எழுத்தில் பாடமே மாறிவிடுவதால் விடைத்தாளில் நிதானமாக எழுதுங்கள். ‘தெறிப்பு’ என்று சொல்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

கேள்வி: சிவப்பு லேசர் ஒளியின் அலைநீளம் 650 நானோமீட்டர். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. அப்படியானால் நீருக்குள் அலைநீளம் 489 நானோமீட்டராகக் குறைய வேண்டும். அது நீலப்பச்சையின் அலைநீளம் அல்லவா? தண்ணீருக்குள் அந்த ஒளி ஏன் சிவப்பாகவே இருக்கிறது?

பதில்: உங்கள் வகுத்தல் சரி. நீருக்குள் அலைநீளம் 489-தான். ஆனால் நிறத்தை முடிவு செய்வது அலைநீளம் அல்ல, அதிர்வெண்.

எல்லைப்பரப்பில் ஒரு வினாடிக்கு எத்தனை முகடுகள் வந்து சேர்கின்றனவோ, அத்தனை முகடுகள்தான் மறுபக்கம் கிளம்ப முடியும். நடுவில் முகடுகள் தேங்கவும் முடியாது, புதிதாய் முளைக்கவும் முடியாது. அதனால் ஊடகம் மாறினாலும் அதிர்வெண் மாறாது. இந்தச் சிவப்புக்கு அது சுமார் 461 லட்சம் கோடி ஹெர்ட்ஸ். வேகம் வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டரிலிருந்து 2.25 லட்சமாகக் குறைவதால், முகடுகள் நெருங்கி நடக்கின்றன. அலைநீளம் சுருங்குவது இப்படித்தான்.

இன்னொன்றும் உண்டு. விழித்திரைக்கு முன்னால் இருக்கும் கூழ்மத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 1.34. வெளியே காற்றோ நீரோ, விழித்திரையை அடையும்போது ஒளியின் அலைநீளம் ஒன்றுதான். அட்டவணைகளில் நிறத்துக்கு எதிரே போட்டிருக்கும் அலைநீளங்கள் வெற்றிடத்துக்கோ காற்றுக்கோ உரியவை. கடலில் சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே சிவப்புப் பொருள்கள் மங்கித் தெரிவதற்கு இதில் பங்கில்லை. நீர் சிவப்பை உட்கவர்ந்துவிடுகிறது, அவ்வளவே.

கேள்வி: குவிலென்சு ஒளியைக் குவிக்கிறது. குவி ஆடி மட்டும் ஏன் விரிக்கிறது? பெயரை மாற்றி வைத்துவிட்டார்களா?

பதில்: பெயர் வடிவத்துக்கு வைத்தது, வேலைக்கு வைத்ததல்ல. ‘குவி’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் ஓடுகிறது: மேடாகக் குவிந்திருப்பது, ஓரிடத்தில் கூட்டுவது. இங்கே முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் ‘குவிவாடி’ என்பதில் ‘குவிவு’ என்று வடிவம் சற்றுத் தெளிவாகத் தெரிகிறது. மேடான ஆடியில் பட்ட கதிர்கள் வெளிப்பக்கம் சிதறிப் போகின்றன. மேடான கண்ணாடி லென்சுக்குள் புகுந்த கதிர்கள் அச்சை நோக்கி வளைகின்றன.

லென்சிலும் வடிவத்தை நம்பித் தீர்ப்பு எழுத முடியாது. நீருக்குள் இருக்கும் காற்றுக்குமிழ் இருபுறமும் மேடானதுதான்; ஆனாலும் அது ஒளியை விரிக்கும், ஏனெனில் வெளியே உள்ள நீரின் ஒளிவிலகல் எண் அதிகம். ஒளிவிலகல் எண் 1.5 உள்ள கண்ணாடி லென்சை நீரில் அமிழ்த்தினால் அதன் குவியத்தூரம் ஏறத்தாழ 4 மடங்கு நீளும். ஆடியின் குவியத்தூரம் நீரில் மாறாது, ஏனெனில் எதிரொளிப்பில் ஊடகத்தின் ஒளிவிலகல் எண்ணுக்கு வேலை இல்லை.

கேள்வி: பொருளின் தொலைவு, பிம்பத்தின் தொலைவு, குவியத்தூரம் மூன்றையும் இணைக்கும் லென்சு சமன்பாட்டில் ஒரு புத்தகம் கூட்டல் குறி போடுகிறது, இன்னொன்று கழித்தல் குறி போடுகிறது. எதைப் படிப்பது?

பதில்: ஏதாவது ஒன்றை. இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். கார்ட்டீசியன் குறியீட்டு மரபில், லென்சுக்கு இடப்பக்கம் உள்ள பொருளின் தொலைவே எதிர்க்குறி உடையது. சமன்பாட்டில் உள்ள கழித்தலும் அந்த எதிர்க்குறியும் சேர்ந்து கூட்டலாகிவிடும். மெய்யானவை எல்லாம் நேர்க்குறி என்று கொள்ளும் மரபில், நேராகவே கூட்டல்.

குவியத்தூரம் 20 செ.மீ., பொருள் 30 செ.மீ. தொலைவில் இருந்தால் பிம்பம் 60 செ.மீ. தொலைவில் விழும். ஒரு மரபின் சமன்பாட்டை எடுத்து மற்றதன் குறியைப் போட்டால் 12 செ.மீ. என்று வரும். அது தவறு என்பதற்குக் கணக்குச் சாவி பார்க்க வேண்டாம். மெய்ப்பொருளின் மெய்ப்பிம்பம் குவிலென்சின் குவியத்தூரத்துக்கு உட்பட்டு ஒருநாளும் விழாது.

கேள்வி: மூக்குக்கண்ணாடியின் பவரை வீட்டிலேயே அளக்க முடியுமா?

பதில்: பிளஸ் லென்சு என்றால் எளிது. இருட்டான அறையில் சன்னலுக்கு எதிர்ச்சுவர் பக்கம் நின்று, தொலைவில் உள்ள ஒரு கட்டடத்தின் பிம்பத்தை வெள்ளைத்தாளில் விழச் செய்யுங்கள். பிம்பம் தெளிவாக விழும்போது லென்சுக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை மீட்டரில் அளந்து, 1-ஐ அதால் வகுத்தால் லென்சின் பவர் டயாப்டர் என்ற அலகில் கிடைக்கும். 0.40 மீட்டர் என்றால் +2.5.

பெரும்பாலோர் சன்னல் கம்பியையே பொருளாக எடுத்துக்கொண்டு சறுக்குகிறார்கள். +4 லென்சுக்குத் தொலைவுப் பொருளின் பிம்பம் 25 செ.மீ.யில் விழும். 3 மீட்டரில் உள்ள சன்னல் கம்பியின் பிம்பமோ 27.3 செ.மீ.யில் விழும். அதை வைத்து வகுத்தால் 3.67 என்று வரும். பொருள் குறைந்தது 20 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். சூரியனைப் பொருளாக்க வேண்டாம், தாள் பற்றிக்கொள்ளும்.

மைனஸ் லென்சு திரையில் மெய்ப்பிம்பம் தராது. பவர் தெரிந்த ஒரு பிளஸ் லென்சை அதோடு ஒட்டிப் பிடியுங்கள். ஒட்டிய லென்சுகளின் திறன்கள் கூடும். +4 லென்சோடு சேர்த்தபோது பிம்பம் 40 செ.மீ.யில் விழுந்தால் மொத்தம் +2.5. ஆகவே உங்கள் லென்சு -1.5. துணை லென்சின் திறன் மைனஸ் லென்சின் அளவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிம்பமே விழாது. ஒரு தூரத்தில் நிற்கும் கோடுகள் மட்டும் தெளிந்து, வேறொரு தூரத்தில் படுக்கைக் கோடுகள் தெளிந்தால், அந்தக் கண்ணாடியில் உருளைப் பவரும் (ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும் பவர்) இருக்கிறது. இது கற்றுக்கொள்வதற்கான சோதனை. புதுக் கண்ணாடி போட இந்த அளவைக் கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: காற்றுத்தம்பச் சோதனையில் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை வைத்து ஒலியின் வேகம் கண்டேன். வினாடிக்கு 330 மீட்டர் வருகிறது. அறை வெப்பநிலை 30 டிகிரி என்பதால் 349 வர வேண்டும் என்கிறார் ஆசிரியர். எங்கே தவறு?

பதில்: நீரில் நிற்கும் குழாயை உயர்த்தி, ஒலி முதன்முதலில் உரக்கக் கேட்கும் காற்றுத்தம்ப நீளத்தை, அதாவது முதல் ஒத்ததிர்வு நீளத்தை மட்டும் அளந்து 4-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. காற்று மிக அதிகமாக அதிரும் இடமான எதிர்க்கணு குழாயின் வாயில் சரியாக அமைவதில்லை. வாய்க்குச் சற்று வெளியே, குழாயின் உள் ஆரத்தைப் போல 0.6 மடங்கு தள்ளி அமைகிறது. இதுதான் முனைத் திருத்தம். உள்விட்டம் 3 செ.மீ. என்றால் திருத்தம் 0.9 செ.மீ. அலைநீளத்தில் கால் பங்கு 17 செ.மீ. இருக்க, அளவுகோலில் 16.1-தான் தெரியும். 4-ஐயும் 512-ஐயும் 0.161-ஐயும் பெருக்கிப் பாருங்கள், உங்கள் 330 அப்படியே வரும்.

திருத்தத்தைக் கணக்கிட்டுச் சேர்ப்பதைவிட அதைக் கழித்து ஒழிப்பது நல்லது. குழாயை இன்னும் உயர்த்தி இரண்டாம் ஒத்ததிர்வையும் பிடியுங்கள். இதே குழாயில் அது 50.2 செ.மீ. அருகே கிடைக்கும். இரண்டின் வேறுபாடு 34.1 செ.மீ., அதாவது அலைநீளத்தில் பாதி. முனைத் திருத்தம் இரண்டு நீளத்திலும் ஒன்றே என்பதால் கழித்தலில் காணாமல் போகிறது. 2, 512, 0.341 மூன்றையும் பெருக்கினால் 349.

குழாய் 55 செ.மீ.க்குக் குறையக் கூடாது. இசைக்கவையை ரப்பர்க் கட்டையில் தட்டுங்கள். மேசையில் தட்டினால் மேற்சுரங்கள் கிளம்பிக் காதை ஏமாற்றும். அதிரும் புயங்கள் குழாய் வாய்க்கு நேர் மேலே, மேலும் கீழுமாக அதிரும்படி கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும். வாயைத் தொடக் கூடாது. உரத்த ஒலி எங்கே என்பதைக் குழாயை ஏற்றும்போது ஒரு முறையும் இறக்கும்போது ஒரு முறையும் குறித்துச் சராசரி எடுங்கள். இவ்வளவு செய்தும் 3 மி.மீ. முன்பின் ஆகலாம், அதனால் வரும் பிழை ஏறத்தாழ 1 விழுக்காடு. இசைக்கவை இல்லாதவர்கள் கைப்பேசிச் செயலியில் 512 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிடலாம். கைப்பேசியை வாய்க்கு மிக அருகில் கொண்டுபோனால் வாயை மூடியதுபோல் ஆகி அளவு மாறும், சில செ.மீ. இடைவெளி விடுங்கள். இலங்கை நூல்களில் இந்த ஒத்ததிர்வைப் ‘பரிவு’ என்ற தலைப்பில் தேடுங்கள்.

கேள்வி: ஒளியாண்டு என்பது எவ்வளவு காலம்?

பதில்: காலமே அல்ல, தூரம். ஒளி வெற்றிடத்தில் ஓராண்டில் கடக்கும் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்.

கேள்வி: வானவில் உருவாகும் விதத்தை ஒளிவிலகல், நிறப்பிரிகை, முழு அக எதிரொளிப்பு என்று மூன்று படியாக எழுதுகிறோம். சரிதானே?

பதில்: மூன்றாவதில் ‘முழு’ என்பதை அடித்துவிடுங்கள். பல கையேடுகளில் ஊறிப்போன பிழை இது.

42 டிகிரியில் நாம் காணும் முதன்மை வானவில்லுக்குக் காரணமான கதிர், துளியின் மேற்பரப்பில் சுமார் 59 டிகிரி படுகோணத்தில் விழுகிறது. உள்ளே புகுந்ததும் விலகுகோணம் சுமார் 40 டிகிரி. துளி கோளம் என்பதால், பின்சுவரில் அது படும் கோணமும் அதே 40 டிகிரிதான். உள்ளிருந்து வரும் ஒளி சிறிதும் வெளியேறாமல் முழுவதும் திரும்ப, படும் கோணம் மாறுநிலைக் கோணத்தைத் தாண்ட வேண்டும். நீருக்கு அது 48.6 டிகிரி, 40 அதை எட்டவில்லை. பொதுவாகவே, வெளியிலிருந்து ஒரு கோளத்துக்குள் நுழைந்த கதிர் உள்ளே முழு அக எதிரொளிப்பு அடைய வழியில்லை. நுழைந்த கோணத்திலேயே பின்சுவரையும் சந்திப்பதால், நுழைய முடிந்த கதிர் வெளியேறவும் முடியும்.

ஆக, பின்சுவரில் பெரும்பகுதி ஒளி வெளியே ஓடிவிடுகிறது. திரும்புவது ஏறத்தாழ 6 விழுக்காடு. அந்தச் சிறு பங்கைத்தான் வானவில்லாகப் பார்க்கிறோம். பின்சுவரில் படும் கோணம், எதிரொளித்த ஒளி முழுத் தளவிளைவு பெறும் கோணத்துக்கு மிக அருகில் இருப்பதால், வானவில்லின் ஒளி பெரிதும் தளவிளைவுற்றது. தளவிளைவுக் குளிர்க்கண்ணாடியைக் கழற்றி, வில்லின் உச்சிக்கு நேரே பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் அந்தப் பகுதி கிட்டத்தட்ட மறைந்துவிடும். முழு அக எதிரொளிப்பாக இருந்தால் இப்படி மறையாது.

கேள்வி: தலைமுடியின் தடிமனை லேசரால் அளக்கலாம் என்று படித்தேன். எப்படி? அது குறுக்கீடா, விளிம்பு விளைவா?

பதில்: விளிம்பு விளைவு. எண்ணக்கூடிய சில மூலங்களின் அலைகள் சேர்ந்தால் குறுக்கீடு என்கிறோம். ஒரே அலைமுகப்பின் எண்ணற்ற புள்ளிகளிலிருந்து வருபவை சேர்ந்தால் விளிம்பு விளைவு என்கிறோம். அடியில் நடப்பது ஒன்றே: அலைகளின் மேற்பொருந்துதல். பெயரில் உள்ள ‘விளிம்பு’ கொஞ்சம் திசைதிருப்பும், தடையின் அகலம் முழுவதும் இதில் பங்கு பெறுகிறது.

1 மில்லிவாட்டுக்கு மேற்படாத சிவப்பு லேசர்ச் சுட்டியை அசையாமல் பொருத்துங்கள். அதன் வாய்க்குக் குறுக்கே ஒரு முடியைச் செங்குத்தாக இழுத்து ஒட்டுங்கள். சுவர் 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும். முடி செங்குத்து என்றால் சுவரில் பட்டைகள் இடவலமாகப் பரவும். இடப்பக்க மூன்றாம் கரும்பட்டைக்கும் வலப்பக்க மூன்றாம் கரும்பட்டைக்கும் இடைத்தூரத்தை அளந்து 6-ஆல் வகுங்கள். அது 15 செ.மீ. என்றால் ஒரு பட்டைக்கு 2.5 செ.மீ. அலைநீளம் 650 நானோமீட்டரை 3 மீட்டரால் பெருக்கி 0.025 மீட்டரால் வகுத்தால் 78 மைக்ரோமீட்டர். முடிக்கு இது நியாயமான அளவு.

நடுப் பொட்டை அளந்து கணக்குப் போடுவதுதான் வழக்கமான தவறு. நடுப் பட்டை மற்றவற்றைப்போல இரு மடங்கு அகலம். போதாக்குறைக்கு, முடியில் படாமல் நேராக வந்த ஒளியும் அங்கேதான் கொட்டுகிறது. வெளிப்பட்டைகளை நம்புங்கள். 3 மீட்டரை முடியிலிருந்து அளக்க வேண்டும். மலிவான சுட்டிகளில் அலைநீளத்தை 630 முதல் 680 வரை என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருப்பார்கள். அதனாலேயே 4 விழுக்காடு வரை பிழை வரலாம். எதிரே கண்ணாடியோ பளபளப்பான பரப்போ இருக்கக் கூடாது, கற்றையை யாரும் நேராகப் பார்க்கக் கூடாது.

கேள்வி: குறுக்கலைகள் மட்டும்தான் குறுக்கீட்டு விளைவைத் தருமா?

பதில்: இல்லை. ‘குறுக்கு’ என்ற ஒலி ஒற்றுமை தவிர இரண்டுக்கும் உறவில்லை. குறுக்கலையில் அதிர்வு, அலை செல்லும் திசைக்குச் செங்குத்து. குறுக்கீடு என்பது அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவது. ஒலி நெட்டலை, அதுவும் நன்றாகவே குறுக்கிடும். வெளிச்சத்தம் நீக்கும் காதணி ஒலிபெருக்கிகள் அப்படித்தான் வேலை செய்கின்றன. இருண்ட பட்டையில் ஆற்றல் அழிந்துவிடுகிறதா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. சம வீச்சுள்ள இரு அலைகள் ஒத்த கட்டத்தில் சேரும் இடத்தில் வீச்சு 2 மடங்கு, செறிவு 4 மடங்கு. கரும்பட்டையில் சுழி. சராசரி 2, அதாவது இரண்டு மூலங்கள் தந்த அதே அளவு. குறுக்கலைக்கு மட்டுமே உரியது தளவிளைவு.

கேள்வி: இரண்டு போலராய்டுகளைச் செங்குத்தாக வைத்தால் இருட்டாகிறது. நடுவில் மூன்றாவதைச் செருகினால் வெளிச்சம் வருகிறது. ஒளியைத் தடுக்கும் பொருளைக் கூட்டக் கூட்ட ஒளி எப்படி அதிகமாகும்?

பதில்: போலராய்டை வெறும் சல்லடையாக நினைப்பதால் வரும் திகைப்பு. அது தன் அச்சுக்கு இணையான கூறை மட்டும் விடுகிறது என்பது பாதிதான். வெளியே வரும் ஒளியின் அதிர்வுத் தளம் புதிய அச்சின் திசைக்குத் திரும்பியிருக்கும். மாலசின் விதிப்படி, வெளிவரும் செறிவு இரு அச்சுகளுக்கு இடைப்பட்ட கோணத்தின் கொசைன் வர்க்கத்துக்கு நேர்விகிதம். 90 டிகிரிக்கு அது சுழி. நடுவே 45 டிகிரியில் ஒன்றை வைத்தால் முதல் தாவலில் பாதி, அடுத்த தாவலில் அதில் பாதி. முதல் போலராய்டைக் கடந்த ஒளியில் கால் பங்கு கடைசிவரை வரும். நடுவில் உள்ளதை 30 டிகிரிக்குத் திருப்பினால் 16-இல் 3 பங்கு. 45-இல்தான் உச்சம். உண்மையான தகடுகள் கொஞ்சம் உட்கவர்வதால் இந்த அளவுகள் இன்னும் குறையும். மூன்றாவதை நடுவில் வைக்காமல் முன்னாலோ பின்னாலோ வைத்துப் பாருங்கள், இருட்டு கலையாது.

போலராய்டுத் தகடு கிடைக்காதவர்கள் எல்சிடி கணினித் திரையை வெள்ளையாக ஒளிரவிடுங்கள். அதன் ஒளி ஏற்கெனவே தளவிளைவுற்றது என்பதால் முதல் போலராய்டு திரையிலேயே இருக்கிறது. இரண்டு தளவிளைவுக் குளிர்க்கண்ணாடிகள் இருந்தால் போதும். ஒன்றைத் திரைமுன் சுழற்றி, இருட்டாகும் நிலையில் நிறுத்திவிட்டு, திரைக்கும் அதற்கும் நடுவே மற்றதைச் சாய்த்துச் செருகுங்கள். சில கைப்பேசித் திரைகளில் எப்படிச் சுழற்றினாலும் இருட்டே வராது. அவற்றிலிருந்து வரும் ஒளி வட்டத் தளவிளைவு பெற்றது. கண்ணாடியைச் சந்தேகிக்காமல் வேறு திரையில் செய்து பாருங்கள்.